மேட்ச் துப்பாக்கியின் ஜோடி

தாத்தா போன பிறகு பாகம் பிரித்தபோது பெரியப்பாவுக்குத் துப்பாக்கி போனது, அப்பாவுக்குத் தையல் மிஷின் வந்தது. வீட்டில் மாடி அவர்களுக்கு, கீழ்த்தளம் எங்களுக்கு. இதில் என்ன அநியாயம், மிஷின் இருந்தால் நாலு துணி தைக்கலாம், துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அம்மா கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளில் ஒருவராவது, "எங்கே, அந்தத் தையல் மிஷினைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டதுண்டா? எல்லோரும் எங்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, எங்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு அசைத்துவிட்டு, நேரே மாடிப்படி ஏறினார்கள்.

மேலே இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே கண்ணாடி வைத்த பீரோவில் அது படுத்திருக்கும். நீளமான, கறுத்த, அழகான துப்பாக்கி. பிடிக்குக் கீழே வளைவாக ஒரு இரும்புக் கைப்பிடி உண்டு; அதைக் கீழே இறக்கினால் வாய் திறக்கும், ஒரே ஒரு தோட்டா போடலாம். அந்தத் தோட்டாவைச் செய்வதையே உலகத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று பெரியப்பா சொல்வார். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே தொண்டர் படையில் இருந்த எங்கள் கொள்ளுத்தாத்தா, குறி பார்த்துச் சுடும் போட்டியில் துரைமார்களைத் தோற்கடித்து அதைப் பரிசாக வாங்கினார் என்பது குடும்பக் கதை. வீட்டில் அதற்குப் பெயரே 'மேட்சு துப்பாக்கி'தான்.

வருகிறவர்களுக்கு அதைக் காட்டி விளக்கம் சொல்லும் உத்தியோகம் அக்காவுடையது. அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில், "இது எங்க கொள்ளுத்தாத்தா ஜெயிச்சது" என்று தொடங்குவாள். எங்க கொள்ளுத்தாத்தாவாம். அவர் எனக்கும் கொள்ளுத்தாத்தாதான் என்பதை அங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல ஆளில்லை. நான் கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். காது சுடும்.

எனக்கு அக்கா மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் முடி நீளம், கையெழுத்து முத்து, பள்ளிப் பாடகற்குழுவில் முன்வரிசை. போதாததற்குத் துப்பாக்கியும். நல்லவளாக இருந்து தொலைத்தாள் என்பது இன்னும் கஷ்டம். திட்டுவதற்குக் காரணம் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ரயில்வேயில் வாங்கிய போனஸ் பணத்தோடு பெரியப்பா எம்.சி. ரோட்டுக்குப் போய் வீட்டில் எல்லோருக்கும் துணி எடுத்து வருவார். அப்பாவுக்கு ஒரு சட்டை, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் புடவை, அக்காவுக்கும் எனக்கும் ஒரே மாதிரி கவுன். ஒரே நிறம், ஒரே டிசைன், அளவு மட்டும் வேறு. நாங்கள் இருவரும் கோயில் படியில் நின்றால் ஊரே, "ஐ, மேட்ச்சு மேட்ச்சா போட்டுகினு வந்துகீறாங்க பாரு" என்று கொஞ்சும். கொஞ்சிவிட்டுக் கன்னத்தைக் கிள்ளுவது அவள் கன்னத்தை. மேட்ச் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான்: ஒரே மாதிரி இரண்டு, ஒன்று மாடிக்கு, ஒன்று கீழ்வீட்டுக்கு.

பொறாமை விஷயத்தில் நான் தனியாள் இல்லை. அப்பாவும் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா துப்பாக்கியைத் துடைப்பார். அதற்கு எண்ணெய் எங்கள் தையல் மிஷின் எண்ணெய்தான். மாடியிலிருந்து, "டேய், எண்ண குடு" என்று குரல் வரும். என்னிடம் கொடுத்தனுப்பினால் நான் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அப்பா தானே எடுத்துக்கொண்டு போவார். போனவர் துடைத்து முடிகிற வரை அங்கேயே நிற்பார். பெரியப்பா துப்பாக்கியை அவர் கையில் கொடுத்ததில்லை, அப்பாவும் கொடு என்று கேட்டதில்லை. கேட்டால் கொடுத்திருப்பாரோ என்னவோ. கேட்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அப்பா அதைத் தொடுவதற்குத் தேர்தல் வரவேண்டும். தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தோட்டாவே இல்லாத துப்பாக்கிக்கும் இதே சட்டம்தான். அன்று பெரியப்பா ஒரு ஆட்டோ பிடிப்பார். லைசென்ஸ் புத்தகம் பெரியப்பா கையில், பழைய வேட்டியில் சுற்றிய துப்பாக்கி அப்பா மடியில். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. அப்பா அன்றைக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொள்வார். டீக்கடையில் பேப்பரைப் பிரித்தாலே, "எலக்சன் எப்ப வருதாம்?" என்று கேட்பார். இந்த மனுஷனுக்கு நாட்டு நடப்பில் என்ன அக்கறை என்று தெரு வியந்தது. எங்கள் தெருவில் கட்சிக்காரர்களை விட்டால் தேர்தலுக்கு ஏங்கியவர் அவர் ஒருவர்தான்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கப்பலில் வந்த சரக்கு சேதமாகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் சர்வேயர் ஒருவர் அவருக்குப் பழக்கம். அந்த சர்வேயருக்குப் பழைய துப்பாக்கி என்றால் பித்து. ஏதோ ரைபிள் கிளப்பில் உறுப்பினர். அவரை அழைத்துவந்து காட்டப்போவதாக அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"அது இன்னா பெரிய மேட்சு துப்பாக்கி? பட்டாளத்துல கய்ச்சிப் போட்ட சாதா துப்பாக்கியா கூட இருக்கும். யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சிகினு நீ இன்னா பண்ணப் போற?" என்றாள் அம்மா.

"சும்மாத்தான்."

சும்மாவாவது! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்வேயர் வந்தார். தோள்பையிலிருந்து ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு மஞ்சள் துணி எல்லாம் எடுத்து வைத்தார். பெரியப்பா பூசைக்குப் போட்ட சட்டையைக் கழற்றாமல், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அப்பா சுவரோரம் நின்றார். அக்கா, கேட்பானேன், சர்வேயருக்குப் பக்கத்தில். நான் வழக்கம்போல் கதவருகில்.

சர்வேயர் துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் புரட்டினார். கீழே ரோட்டில் கன்டெய்னர் லாரி போனபோது பீரோ கண்ணாடி அதிர்ந்தது.

"ராணுவத்துத் துப்பாக்கின்னா இந்த இடத்துல சின்னதா ஒரு அம்புக்குறி குத்தியிருப்பாங்க, சர்க்கார் சொத்துன்னு அடையாளம். இதுல இல்ல" என்றார்.

அப்பா சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார். "அப்போ டூப்ளிகேட்டுங்களா சார்?"

"அட, அதாங்க விஷயமே" என்று சர்வேயர் சிரித்தார். அந்தக் காலத்தில் சுடும் போட்டிகளில் ராணுவ மாதிரித் துப்பாக்கியால்தான் சுட வேண்டும் என்று விதி இருந்ததாம். அதனால் துப்பாக்கி செய்கிறவர்கள் அதே மாதிரியை, போட்டிக்காரர்களுக்காகத் தனியாகப் பார்த்துப் பார்த்துச் செய்தார்களாம். நேராக அமைந்த குழலாகப் பொறுக்கி எடுத்துப் போடுவார்கள். பிடிக்கிற இடத்தில் கை வழுக்காமல் இருக்க மரத்தில் கட்டம் கட்டமாகக் கோடு கீறுவார்கள். பட்டாளத்துத் துப்பாக்கியில் அந்த இடம் வழவழவென்று இருக்கும். குறி பார்க்கும் தகட்டை மயிரிழை அளவு நகர்த்தத் திருகு வைப்பார்கள். ஆரம்பத்தில் செய்த அந்த வகை இப்போது கிடைப்பது அபூர்வமாம்.

"ஆனா இதுல ஏமாத்தும் உண்டு. சாதாத் துப்பாக்கி மேல பிற்பாடு ஒரு நல்ல தகட்டை மாட்டிட்டு, மேட்ச் ரைபிள்னு வித்துடுவாங்க. அதுக்குத்தான் நம்பர் பாக்கணும்" என்று டார்ச்சை அடித்துக் குனிந்தார். குழலில் ஒரு எண், உடம்பில் ஒரு எண், தகட்டின் அடியில் ஒரு எண். அக்கா ஒவ்வொன்றாக வாசித்தாள். சர்வேயர் நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தார். "எல்லாம் மேட்ச்சுங்க. சந்தேகமே இல்ல, அசல் மேட்ச் ரைபிள்."

பெரியப்பா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. என் தலைக்குள் விளக்கு எரிந்தது.

எல்லாம் மேட்ச். எதோடு மேட்ச்? இன்னொன்றோடுதானே? கவுனிலேயே மாடிக்கு ஒன்று, கீழ்வீட்டுக்கு ஒன்று என்று எடுக்கிறார்கள். துரைமார் துப்பாக்கியில் மட்டும் ஒற்றையாகவா கொடுத்திருப்பார்கள்? ஒரே மாதிரி இரண்டு இருந்திருக்கிறது, ஒன்று மூத்தவனுக்கு, ஒன்று இளையவனுக்கு. எங்களுடையதை மாடியில் எங்கோ ஒளித்து வைத்துக்கொண்டு, தையல் மிஷினைத் தள்ளிவிட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். அப்பாவின் முகம் அப்படிப் போனதற்கு எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது, பாவம், கேட்க வாய் வரவில்லை.

அன்று பெரியப்பா சந்தோஷத்தில் பிரியாணி வாங்கிக் கீழ்வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். அப்பா தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார். "வயிறு சரியில்லையா, வயித்தெரிச்சலா?" என்று அம்மா கேட்டாள். பிறகு என் தட்டில் இரண்டு துண்டு கறியாக வைத்தாள்.

அதன் பிறகு நான் துப்பறியத் தொடங்கினேன். அதிக நாள் தேட வேண்டியிருக்கவில்லை. பெரியம்மாவின் சமையல்கட்டுப் பரண்மேல், பித்தளை அண்டாவுக்குப் பின்னால், சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய ஒரு நீள மூட்டை கிடந்தது. துப்பாக்கி நீளம், துப்பாக்கி அகலம். பிறகென்ன சந்தேகம்? இருந்தாலும் அக்காவிடம் ஒருநாள் போகிற போக்கில், "துப்பாக்கிக்கு ஜோடி எங்க கீது?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஜோடியா? அதுக்கு இன்னா கல்யாணமா பண்ணப் போற?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். திருடர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

கொஞ்ச நாளில் தேர்தல் அறிவித்தார்கள். சுவரெல்லாம் வெள்ளையடித்து இடம் பிடித்தார்கள். அப்பா சவரம் செய்துகொண்டார், சட்டைக்கு இஸ்திரி போட்டார், காலையிலேயே வாசலில் நின்றார். இந்தத் தடவை அக்காவும் வருவாள் என்று பெரியப்பா சொன்னார். அசல் மேட்ச் ரைபிள் என்று ஊர்ஜிதமாகிவிட்டது அல்லவா, கண்ட கண்ட துப்பாக்கியோடு சேர்த்து மூலையில் சாய்த்துவிடாதபடி ஸ்டேஷனில் அவள் விளக்கிச் சொல்வாளாம். நான் அழுது ரகளை பண்ணி ஆட்டோவில் ஏறினேன். என் இடம் அப்பாவின் மடி. அங்கே துப்பாக்கி படுத்திருந்தது. வேட்டிக்கு மேலே அப்பா இரண்டு கையையும் வைத்து அதை அணைத்திருந்தார். என்னை அப்படி அணைத்திருக்கிறாரா என்று யோசித்தபடி டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போனேன். ரோடு முழுக்க எனக்கு அந்தத் துப்பாக்கி மேலும் பொறாமை.

ஸ்டேஷனில் பாங்கு காவலாளிகள் இரட்டைக் குழல் துப்பாக்கிகளோடு வரிசையில் நின்றார்கள். எங்கள் முறை வந்ததும் ரைட்டர் வேட்டியைப் பிரித்தார், எண்ணைச் சரிபார்த்தார், கயிற்றில் அட்டை கட்டினார். அக்கா ஆரம்பித்தாள். அம்புக்குறி, மரத்தில் கட்டம், தகட்டில் திருகு, மூன்று இடத்தில் எண். சர்வேயர் சொன்னதில் ஒரு எழுத்து விடவில்லை. உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டரே எழுந்து வந்து கேட்டார். கேட்டுவிட்டு, "இன்னா வெவரமா பேசுது! யார் பொண்ணுய்யா?" என்றார்.

பெரியப்பா சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் வாயைத் திறப்பதற்குள் என் அப்பா சொன்னார். "எங்க அண்ணன் பொண்ணு சார். ஸ்கூல்ல இவதான் பஸ்ட்டு."

அவ்வளவு பெருமையாகச் சொன்னார். அவருக்குப் பக்கத்தில், அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, அவருடைய சொந்த மகள் நின்றுகொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் அக்காவின் தலையைத் தடவினார். நான் அப்பாவின் சட்டை நுனியை விட்டேன்.

"சார்" என்றேன். "அது ஒண்ணு இல்ல சார், ரெண்டு. மேட்சு. இன்னொண்ணு எங்களுது. பெரியப்பா பரண் மேல சாக்குல சுத்தி ஒளிச்சி வெச்சிகினு கீறாரு."

ரைட்டரின் பேனா நின்றது. பெரியப்பா சிரித்தார். "கொய்ந்த சார். இன்னாத்தியோ ஒளறுது." அந்தச் சிரிப்பு பாதியில் காய்ந்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என் உயரத்துக்குக் குனிந்து, சாக்கு எந்தப் பரணில், எவ்வளவு நீளம் என்று கேட்டார். நான் அண்டாவுக்குப் பின்னால் என்பது உட்பட எல்லாம் சொன்னேன். கையை விரித்து நீளமும் காட்டினேன். அக்கா விளக்கியதைவிட நான் விளக்கியதை அவர் கவனமாகக் கேட்டார்.

தேர்தல் சமயத்தில் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி ஒரு வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தெரிந்திருந்தது. ஜெயில், வேலை போகும், பென்ஷன் போகும், இருக்கிற துப்பாக்கியும் போகும். பெரியப்பா லைசென்ஸ் புத்தகத்தைப் பிரித்து மறுபடியும் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். குட்டு வெளிப்பட்ட பதற்றம் என்று நினைத்தேன்.

ஜீப்பில் வந்தோம். ஜீப்பில் ஏறியது அதுதான் முதல் தடவை. அக்கா அழுதுகொண்டு வந்தாள், நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். தெரு முழுக்க வாசலுக்கு வந்தது. பூ விற்கிறவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். பெரியம்மா, "மாதாவே, மாதாவே" என்று அடுப்பை அணைக்கக்கூட மறந்து நின்றாள். கான்ஸ்டபிள் ஸ்டூல் போட்டு ஏறி அண்டாவை நகர்த்தி மூட்டையை இறக்கினார். "பார்த்து, பார்த்து" என்ற இன்ஸ்பெக்டர் எங்களையெல்லாம் பின்னால் தள்ளிப் போகச் சொன்னார். கயிற்றை அறுத்தார்கள்.

மூங்கில் குச்சிகள். போன கிறிஸ்துமஸுக்கு வாசலில் கட்டிய நட்சத்திரத்தைப் பிரித்து, அடுத்த வருஷத்துக்காகப் பெரியப்பா கட்டி வைத்தவை. குச்சிகளில் அங்கங்கே சிவப்புக் கலர் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. கிளம்பிய தூசியில் கான்ஸ்டபிள் தும்மினார், நிற்காமல் தும்மினார். படிக்கட்டில் கூடியிருந்த கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். பெரியப்பா குனிந்து, சிதறிய குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

பீரோவையும் கட்டிலடியையும் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் கிளம்பினார். போகும்போது அப்பாவைப் பார்த்து, "பாகத் தகராறு இருந்தா வூட்டுக்குள்ள பேசித் தீத்துக்கங்கய்யா. கொய்ந்தைய வுட்டு ஸ்டேஷன்ல பேச வெக்கிறது இன்னா பொழப்பு?" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் அதையும் கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகு எங்கள் இரண்டு குடும்பமும் மாடிப்படியில் மிச்சமிருந்தது. மேல்படியில் அவர்கள், கீழ்ப்படியில் நாங்கள். பெரியம்மாதான் முதலில் வெடித்தாள். "கீய் வூட்டுப் பொண்ணு இனிமே இந்தப் படி ஏறக் கூடாது. ஏறினா கால ஒடிப்பேன், சொல்ட்டேன்." பெரியப்பா அவளைக் கையால் அடக்கினார். என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "யாரு பாப்பா உனுக்கு அப்டி சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதற்காகத்தான் நான் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானேதான் கண்டுபிடித்தேன், மேட்ச் என்று சர்வேயரே சொன்னார், மூங்கில் குச்சியை மேலே வைத்துவிட்டு அதை வேறு எங்கோ மாற்றியிருக்கிறீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்தது.

"நாந்தாண்ணா. நாந்தான் சொல்லிக் குட்த்தேன்."

பெரியப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு அந்த ஆளக் கூட்டியாந்ததும் இதுக்குத்தானா?"

அப்பா படியைப் பார்த்தார். பிறகு, "ஆமா" என்றார்.

பெரியப்பா திரும்பி உள்ளே போனார். கதவைச் சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை. அம்மா அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கும் அழுகை வந்தது, ஆத்திரத்தில். கண்டுபிடித்தது நான், ஸ்டேஷனில் தைரியமாகச் சொன்னது நான், பெரியப்பாவே என்னைக் கேட்கிற நேரத்தில் அப்பா குறுக்கே வந்து எல்லாவற்றையும் தன் பேரில் போட்டுக்கொண்டார். வாழ்க்கையில் எனக்கென்று ஒரே ஒரு பெருமை கிடைத்தது, அதையும் பெற்ற அப்பாவே தட்டிக்கொண்டு போனார். அன்று அவரோடு நான் பேசவில்லை.

மறுநாள் மாடியிலிருந்து பெரியம்மாவே என்னைக் கூப்பிட்டாள். பயந்துகொண்டே போனேன். அதிரசம் கொடுத்தாள். "நீ கொய்ந்த, நீ இன்னா பண்ணுவ" என்று தலையைத் தடவினாள். அக்கா பக்கத்தில் உட்காரவைத்துப் படம் வரையச் சொல்லிக் கொடுத்தாள். பயந்துவிட்டார்கள், அதனால்தான் தாஜா பண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு அதிரசமும் கேட்டு வாங்கினேன்.

ஓட்டு எண்ணி முடித்து வெற்றி ஊர்வலங்களும் ஓய்ந்த பிறகு துப்பாக்கியைத் திரும்ப வாங்கும் நாள் வந்தது. அப்பா வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரிச் சட்டையோடு வாசலில் நின்று சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆட்டோ வந்தது. பெரியப்பா இறங்கி வந்து, அப்பாவைத் தாண்டிப் போய் ஏறினார். பின்னாலேயே அக்கா. திரும்பி வரும்போது துப்பாக்கி அக்காவின் மடியில் இருந்தது, வேட்டிக்கு மேலே அவள் இரண்டு கையையும் வைத்திருந்தாள். அப்பா அதுவரைக்கும் சைக்கிளைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு பொட்டு அழுக்கில்லாத சைக்கிள். அதையும் இவளே பிடித்துக்கொண்டு வருகிறாளே என்று எனக்கு மறுபடியும் காது சுட்டது.

சனிக்கிழமைகளில் மாடியிலிருந்து எண்ணெய் கேட்டுக் குரல் வரவில்லை. பெரியப்பா கடையிலிருந்து ஒரு புது எண்ணெய்க் குப்பி வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் அப்பா தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா சக்கரத்தைச் சுற்றுவார். "நூலு அறுந்துரும், வுடு" என்று அம்மா சொல்வாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. அதே மூங்கில் குச்சிகளால் பெரியப்பா நட்சத்திரம் கட்டினார். எம்.சி. ரோட்டுப் பைகள் வந்தன. அம்மாவுக்குப் புடவை வந்தது, எனக்குக் கவுன் வந்தது, அக்காவுடையதைப் போலவே வெளிர்நீலம், கீழே வெள்ளை லேஸ். நடுச்சாமப் பூசைக்கு எல்லோரும் போனோம். பெரியப்பா குடும்பம் ஒரு பெஞ்சில், நாங்கள் அதற்குப் பின் பெஞ்சில். பக்கத்தில் நின்றவர்கள் மேட்ச்சு மேட்ச்சு என்று எங்களைக் கொஞ்சினார்கள். அப்பா ஸ்டேஷனுக்குப் போட்டுக்கொண்டு போன அந்தப் பழைய சட்டையில்தான் வந்திருந்தாராம்; அம்மா ரொம்ப வருஷம் கழித்துச் சொன்னாள். நான் அதைப் பார்க்கவில்லை. முன் பெஞ்சில் அக்காவின் கவுனில் லேஸ் மூன்று அடுக்கு இருந்தது, என்னுடையதில் இரண்டுதான். பூசை முடிகிற வரை அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.